பாய் விரித்துத் தந்த வீடுகள்

முதன்முதலாக வெளியூருக்கு வாசிக்கக் கிளம்பிய நாளில், அம்மா கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ராத்திரி எங்க படுப்பீங்க?" எத்தனை மணிக்கு மேடை, எவ்வளவு காசு கிடைக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியாது. "யாராவது தெரிஞ்ச பொடியன் வீட்டில" என்று சொல்லிவிட்டு, பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு 101 பஸ்ஸில் ஏறிக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் போனேன். அது 2012. ஹார்ட்கோர் பங்க் பேண்ட் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது எப்படி என்று இப்போது இளையவர்கள் வந்து கேட்கும்போது, நானும் அம்மாவின் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

இந்த இசை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் பங்க் ராக்கிலிருந்து கிளைத்தது ஹார்ட்கோர். வேகம் அதிகம், பாட்டு சின்னது, சத்தம் பெரியது. எங்கள் பாட்டுகளில் நீளமானது இரண்டே கால் நிமிடம். முழு நிகழ்ச்சியும் 22 நிமிடத்தில் முடிந்துவிடும். நான் முதலில் கேட்டது பேட் பிரெய்ன்ஸ் என்ற குழுவை. வாஷிங்டன் நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் நான்கு பேர். பள்ளி நண்பன் ஒருவன் சிடியில் அடித்துத் தந்தான். போர்க்காலம் அது. பேஸ் பையோடு காலி வீதியில் நடந்தால் சோதனைச் சாவடியில் திறந்து காட்ட வேண்டும். அடையாள அட்டையில் பெயரைப் பார்த்த பிறகு இன்னொரு தடவை திறந்து காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, அந்த சிடியைப் போட்டால் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றது இறங்கும். ஆங்கிலச் சொற்கள் பாதி விளங்காது. ஆனால் அவர்கள் எதற்குக் கத்துகிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்க ஹார்ட்கோர் குழுக்களிடமிருந்து எங்களுக்கு வந்தது இசை மட்டும் இல்லை, ஊர் சுற்றும் முறையும்தான். பிளாக் ஃபிளாக் போன்ற குழுக்கள் ஒரு வேனில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். தெரிந்தவர் வீட்டுத் தரையில் படுத்தார்கள். எந்த ஊரில் யார் இடம் தருவார் என்ற தொலைபேசி எண்கள் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குக் கைமாறின. 1980இல் வாஷிங்டனில் சில பையன்கள் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட டிஸ்கார்ட் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பெரிய கம்பனி வந்து தூக்கிவிடும் என்று யாரும் காத்திருக்கவில்லை. கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்கு வேறு வழியே இல்லாததால், இந்த முறை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தியது.

எங்கள் குழுவில் நான்கு பேர். கொட்டாஞ்சேனைத் தமிழன் ட்ரம்ஸ். நுகேகொடையிலிருந்து 138 பஸ்ஸில் வரும் சிங்களவன் கிட்டார். தெமட்டகொடை முஸ்லிம் பையன் பாடகன். நான் பேஸ் வாசித்து, தமிழ் வரிகளை எழுதுகிறேன். எல்லோருக்கும் எல்லோரும் மச்சான்தான். மதுச்சாலை உள்ள இடங்களில் வாசிப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவெடுத்தோம். இலங்கையில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்க முடியாது. மது விற்கும் இடத்தில் வாசித்தால், இந்த இசை மிகவும் தேவைப்படுகிற பதினேழு வயதுப் பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கும். அமெரிக்காவில் அந்த வயதுப் பிள்ளைகளை உள்ளே விட்டு, மது கொடுக்காமல் இருப்பதற்காகக் கையில் கறுப்பு எக்ஸ் போட்டு அடையாளம் வைத்தார்கள். பின்னால் அதுவே குடிக்காதவர்களின் பெருமைச் சின்னமாக மாறியது. நாங்கள் சிறு மண்டபங்களை எடுத்து, பின்னேரம் 4 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடிப்போம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட வேண்டாம், பிள்ளைகளின் வீட்டிலும் பயம் இல்லை.

ஒலிபெருக்கி அனுமதி எடுக்கவும் அந்த நேரம்தான் வசதி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொலிஸில் அனுமதிக் கடிதம் கொடுக்கும்போது இரண்டு வாரம் முன்னால் நேரில் போய், முடியும் நேரத்தை எழுதிக் கொடுங்கள். சொன்ன நேரத்துக்கு உண்மையிலேயே நிறுத்துங்கள். பக்கத்து வீடுகளுக்கும் முதல் நாளே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை அப்படிச் சொல்லப் போன வீட்டிலிருந்து ஒரு அம்மா இடைவேளையில் பெரிய ஜக்கில் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து அனுப்பினார்.

யாழ்ப்பாணம் போனது 2016இல். ரயில் மறுபடி யாழ்ப்பாணம்வரை ஓடத் தொடங்கி அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. டியூஷன் வகுப்பு நடக்கும் ஒரு டியூட்டரியின் மண்டபம் கிடைத்தது. அங்கே கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டும் ஒரு அண்ணைதான் சவுண்ட். ஐம்பது வயது இருக்கும். வெற்றிலை போட்ட வாய். நாங்கள் சோதனைக்கு ஒரு பாட்டு வாசித்து முடித்ததும் மிக்சரை விட்டு எழும்பி என்னிடம் வந்தார்.

"தம்பி, நீங்கள் என்ன சொல்லிக் கத்துறீங்கள் எண்டு விளங்கேல்லை. விளங்கினா நான் அதுக்கேத்த மாதிரி வைப்பன்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. காணாமல் போன மகனின் படத்தைத் தெருவோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாயைப் பற்றிய பாட்டு அது. அதை யாழ்ப்பாணத்தில், அவர் முன்னால், ஒரு சொல்லும் விளங்காமல் பாடியிருக்கிறோம். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து வரிகளை எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் போய்க் கிட்டாரின் சத்தத்தைக் குறைத்து, குரலின் நடுப்பகுதியைத் தூக்கினார். பிறகு பாடகனிடம் கையைக் காட்டி, "இப்ப சொல்லும்" என்றார். அன்றைக்கு மண்டபத்தில் பின்வரிசையில் இருந்த பெண்கள் இரண்டு பேர் அந்தப் பாட்டுக்கு எழும்பி நின்றார்கள். துள்ளவில்லை, நின்றார்கள்.

அதற்குப் பிறகு, போகிற ஊரில் எல்லாம் பாட்டு வரிகளைப் போட்டோகொப்பி அடித்து வாசலில் கொடுக்கிறோம். தமிழில் ஒரு பக்கம், சிங்களத்தில் மறுபக்கம். முதல் பிரதி சவுண்ட் பார்ப்பவருக்கு. அவரோடு சண்டை பிடிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது பிடிப்பதில்லை. கோயில் திருவிழா சவுண்ட்காரரோ, ஹோட்டல் சவுண்ட்காரரோ, உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பெயரைக் கேளுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள், வரியைக் கையில் கொடுங்கள்.

அன்றைய யாழ்ப்பாணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசைப் பற்றி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. டிக்கெட் 300 ரூபா, வந்தவர்கள் 61 பேர். 18,300 ரூபாவில் மண்டபத்துக்கு 5,000, ஒலிபெருக்கிக்கு 12,000. மிச்சம் 1,300. ரயில் டிக்கெட்டும் சாப்பாடும் வந்தது டீ-ஷர்ட் விற்ற காசில். கொழும்பில் வெறும் டீ-ஷர்ட் வாங்கி, ஒரே நிற மையில் ஸ்கிரீன் பிரின்ட் அடித்தால் செலவு கட்டுப்படும். கறுப்பில் வெள்ளை போதும். நடுத்தர அளவும் பெரிய அளவும்தான் போகும். மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் நான் இரண்டு வருடம் சுமந்து திரிந்தேன். குழுவில் ஒருவர் மட்டும் காசுப் பெட்டியை வைத்திருந்து, அன்றன்றைக்கு இரவே எல்லோர் முன்னாலும் எண்ணி எழுத வேண்டும். பேண்டுகள் பாட்டு வித்தியாசத்தால் பிரிந்ததை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். எழுதாத கணக்கால் பிரிந்தவை நிறைய.

எதைச் சுமப்பது, எதை இரவல் கேட்பது என்பது அடுத்தது. யாழ்ப்பாணத்தில் ட்ரம்ஸ் ஒரு தேவாலயப் பையன்கள் தந்தது. இரவல் வாங்கும்போது ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது: ஸ்னேர் என்கிற சின்ன ட்ரம், சிம்பல் என்கிற தட்டு, கால் பெடல், குச்சி எல்லாம் உங்களுடையது. மற்ற ட்ரம்கள்தான் அவர்களுடையது. உடையக்கூடியதை இரவல் கேட்கக் கூடாது. பளிங்குத் தரையில் பெரிய ட்ரம் உதைக்க உதைக்க முன்னால் ஓடும். அதனால் எங்கள் ட்ரம்மர் எப்போதும் நான்கு முழம் நைலோன் கயிறு வைத்திருப்பான். ட்ரம்மின் கால்களை அவன் உட்காரும் முக்காலியோடு கட்டிவிட்டால் அவனுடைய எடையே அதைப் பிடித்துக்கொள்ளும். திருப்பிக் கொடுக்கும்போது வியர்வையைத் துடைத்து, எந்தத் திருகு எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக் கொடுப்பான். அதைப் பார்த்துத்தான் அந்தப் பையன்கள் அடுத்த வருடமும் தந்தார்கள்.

என் பிரச்சினை துரு. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையும் ரயில் பாதையும்தான். உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்பது போலவே கிட்டார் தந்தியையும் தின்னும். மேடையில் வழியும் வியர்வையும் சேர்ந்தால் இரண்டு வாரத்தில் தந்தி கையில் சொரசொரக்கும். வாசித்து முடித்த கையோடு, பேசுவதற்கு முன்னால், பழைய சாரத் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் இழுத்துத் துடைக்கிறேன். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் பைக்குள் போடுகிறேன். வயர் பொருத்தும் துளையின் திருகுகளை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒலி விட்டு விட்டு வருவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம். ஒருமுறை கண்டி நிகழ்ச்சிக்கு முதல் நாள் ட்ரம்மின் கால் பெடலில் ஸ்பிரிங் உடைந்தது. புதுப் பெடல் வாங்கக் காசில்லை. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப் பாகக் கடைகளில் உடைந்த துண்டைக் காட்டிக்கொண்டு ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் பொருந்தியது. அது இன்றுவரை வேலை செய்கிறது.

அந்தக் கண்டிப் பயணத்தில்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைத்தது நடந்தது. நிகழ்ச்சி முடிந்து, படுக்க இடம் தந்த நண்பரின் வீட்டுக்கு மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். மழை விட்டு, இருட்டு முழுக்கச் சில்வண்டுச் சத்தம். காதைத் துளைக்கிற மாதிரி. கிட்டார்காரன் நின்று, "என்ன சத்தம் பார் மச்சான்" என்றான். ட்ரம்மர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்து, "என்ன சத்தம்?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்தோம். இல்லை. அவனுக்கு அந்த மலை முழுக்க அமைதியாக இருந்தது. அப்போது அவனுக்கு 27 வயது.

கொழும்பு திரும்பிக் காது பரிசோதனை செய்தான். அந்த வரைபடத்தில் கோடு ஒழுங்காக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் அளவில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முதலில் விழும். சில்வண்டு கத்துவதும் ஏறக்குறைய அங்கேதான். உள்காதின் மயிர்க்கலங்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைக்காது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்களின் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். எங்கள் பயிற்சி அறையில் போனை வைத்து அளந்தபோது 108 காட்டியது. போன் அளவு திருத்தமில்லாமல் இருக்கலாம், ஆனாலும் அந்தக் கணக்கில் இரண்டரை நிமிடம்கூட வராது. நாங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று மணி நேரம் இருந்தோம்.

இதை வாசிக்கிறவர் ஒரு கிட்டார் தந்தி வாங்கக் காசு வைத்திருந்தால், அதற்கு முன்னால் காதடைப்பான் வாங்குங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியானதே போதும். நுனியைச் சுருட்டி, மறு கையால் காதைப் பின்பக்கம் மேலே இழுத்து, உள்ளே வைத்து விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சும்மா வாசலில் செருகினால் பயனில்லை. பயிற்சியிலும் போட வேண்டும், ஏனென்றால் வருடக் கணக்கில் பார்த்தால் மேடையைவிட அங்கேதான் அதிக நேரம் நிற்கிறோம். நிகழ்ச்சிக்கு அடுத்த நாள் காலையிலும் காதில் இரைச்சல் இருந்தால், அந்த வாரப் பயிற்சியை விடுங்கள். இப்போது எங்கள் நிகழ்ச்சி வாசலில் வரிகள் அடித்த தாளோடு ஒரு சோடி காதடைப்பானும் கொடுக்கிறோம். கைக்காசில் வாங்குகிறோம். அந்தச் செலவில் நான் ஒருநாளும் கை வைக்க மாட்டேன்.

2018இல் மலேசியா போனோம். 9 நாள், 5 நிகழ்ச்சி. அங்கே வெளிநாட்டுக் குழு மேடையேற புஸ்பால் என்ற அரச அமைப்பின் அனுமதி வேண்டும். கேட்க வேண்டியவர் உள்ளூர் ஏற்பாட்டாளர். விமான டிக்கெட் எடுக்க முதல் இதைப் பேசி முடியுங்கள். நாங்கள் டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பேசியதால் ஒரு மாதம் நித்திரை இல்லாமல் கிடந்தோம். வேலை இடத்தில் லீவும் அப்படித்தான், வருடத் தொடக்கத்திலேயே கேட்டு வைக்க வேண்டும்.

ஈப்போவில் எங்களோடு வாசித்த குழுவின் ட்ரம்மர் தமிழ்ப் பையன். கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வந்து, வாசித்து, அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒரு மணி. அவனுடைய அம்மா விழித்திருந்தார். கூடத்தில் நான்கு பாய், நான்கு தலையணை, ஒவ்வொன்றின் மேலும் மடித்த போர்வை. "மொதல்ல சாப்புடுங்க தம்பி, அப்புறம் குளிக்கலாம்" என்று ரசமும் சோறும் வைத்தார். எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பு, ஆனால் அப்பாவின் ஆட்கள் ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றேன். கரண்டி அப்படியே நின்றது. "எங்க தாத்தா பால்மரம் வெட்டுனவரு" என்றார். ஒரே ஆட்சி, ஒரே மாதிரிக் கப்பல், ஒன்று ரப்பருக்கு, ஒன்று தேயிலைக்கு. அந்த இரவு பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் தன் தாத்தா பற்றிச் சொன்னார், நான் என் பாட்டியின் கொழுந்துக் கூடையைப் பற்றிச் சொன்னேன். நுகேகொடைக்காரன் ஒரு சொல்லும் விளங்காமல், ஆனால் எழும்பிப் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

காலையில் எழும்பியபோது, நாங்கள் மூலையில் சுருட்டிப் போட்டிருந்த வியர்வைச் சட்டைகளைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தால், கொடியில் அவருடைய பூப்போட்ட சேலைகளுக்கு நடுவில் எங்கள் கறுப்பு டீ-ஷர்ட்டுகள் தோய்த்துக் காயப் போடப்பட்டிருந்தன. மண்டையோடு அச்சடித்தது, முஷ்டி அச்சடித்தது, எல்லாம் தலைகீழாக, கவ்வி போட்டு, வரிசையாக. நான் அந்தக் கொடியைப் பார்த்துக்கொண்டு நீண்ட நேரம் நின்றேன்.

அந்த வீட்டில் கற்றதை நான் குழுவில் சட்டமாகவே வைத்திருக்கிறேன். போய்ச் சேர்ந்த உடனே ஈரத் துணியை வெளியே எடுத்துக் கேட்டுத் தோய்த்துவிட வேண்டும், இன்னொருவர் கண்ணில் படும்வரை வைக்கக் கூடாது. குளியலறை ஒன்றுதான் இருக்கும். காலையில் அந்த வீட்டில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் முடித்த பிறகுதான் நாங்கள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவ வேண்டும், "வேண்டாம்" என்று சொன்னாலும். பாயைச் சுருட்டி, எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கையில் ஒரு தேயிலைப் பெட்டியாவது கொண்டு போக வேண்டும். பிறகு, அந்தக் குழு எங்கள் ஊருக்கு வந்தால் படுக்க இடம் நம்முடைய பொறுப்பு. இதைத் தட்டிக் கழிக்கிறவர்களோடு நான் பயணம் போக மாட்டேன், எவ்வளவு நன்றாக வாசித்தாலும்.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இல் ஊரடங்கு. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போனது. டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பெட்ரோல் வரிசையில் இரண்டு இரவு படுத்த பிறகு, வாடகை வேனை நம்பி நிகழ்ச்சி வைப்பதை விட்டோம். ரயிலில் நான்கு பேர் கையில் தூக்கக்கூடியது மட்டும்தான் எங்கள் சாமான். இன்றும் அப்படித்தான்.

போன வருடம் ஈப்போப் பையன்கள் கொழும்பு வந்தார்கள். ஐந்து பேர், துணைக்கு வந்த இரண்டு பேர். ஏழு பாய் தேடி நான் மேல்மாடி வீடு, கீழ்வீடு எல்லாம் ஏறி இறங்கினேன். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி. ஆனாலும் பின்னேரமே இடியாப்ப மாவைக் குழைத்து வைத்துவிட்டு, "ஆளுக்கு எட்டு காணுமா? ஆடிட்டு வாற பிள்ளைகள், பத்து வைப்பம்" என்று தனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் மண்டபத்திலிருந்து வந்து சேர்ந்தபோது இரவு பத்து. சொதி கொதித்துக்கொண்டிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ட்ரம்மர் பையனின் போன் அடித்தது. ஈப்போ அம்மா, வீடியோவில். அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். மகன் சட்னி பட்ட கையோடு போனை என் அம்மாவிடம் நீட்டினான். இரண்டு பேரும் அதற்கு முன்னால் ஒருமுறைகூடப் பேசியதில்லை. வணக்கம் சொல்லி, இரண்டு பக்கமும் ஒரு கணம் தயங்கி, அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது.

"ராத்திரி புள்ளைங்க எங்கம்மா படுக்குதுங்க?"

அம்மா ஒன்றும் சொல்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, கூடத்துக்கு நடந்து போய், போனைத் திருப்பித் தரையில் விரித்திருந்த ஏழு பாயையும் ஒவ்வொன்றாகக் காட்டினார்.